எல்லா முகமும் நல்ல முகமாக: எஸ்.எம். நோயாளி பற்றிய நிகழ்வு ஆய்வு

எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே மருத்துவ உலகம் அறிந்த ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பற்றியது இந்த ஆய்வு. அவருடைய அறிவுத்திறன் சராசரி அளவில் இருக்கிறது. மொழியில் குறையில்லை, பார்வையில் கோளாறில்லை. தெரிந்தவர்களை முகம் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடுவார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் படத்தைக் காட்டி, "இவரை நம்பலாமா, கிட்டே போய்ப் பேசலாமா?" என்று கேட்டால், மற்றவர்கள் தயங்கிப் பின்வாங்கும் முகங்களுக்கும் தாராளமாக மதிப்பெண் போடுகிறார்.

"பயமே அறியாத பெண்" என்று ஒரு வரியில் இவரைச் சொல்லி முடிப்பது பழக்கமாகிவிட்டது. அந்த வரி இந்த நிகழ்வின் முக்கியமான பாதியை மறைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆபத்தானவர் எப்படி இருப்பார் என்ற அறிவு அவரிடம் இருக்கிறது. பீதி என்ற உணர்வும் அவர் உடலில் எங்கோ உயிரோடு இருக்கிறது. ஒரு முகம் எதிரே வரும்போது, அதில் பார்க்க வேண்டிய இடத்துக்குக் கண்ணைத் தானாக இழுத்துப் போய், உடம்பை ஒரு நொடி நிறுத்தி வைக்கும் விசைதான் இல்லாமல் போயிருக்கிறது. அவரைப் பற்றிய சோதனைகளை வரிசையாகப் படித்தால் இது தெளிவாகிறது.

நோயும் சிதைவும்

எஸ்.எம்.முக்கு இருப்பது உர்பாக்–வீத்தே நோய். 1929-ல் வியன்னாவைச் சேர்ந்த எரிச் உர்பாக், கமிலோ வீத்தே ஆகிய இரண்டு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். மிக அரிதான பரம்பரை நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். அந்த மரபணு இ.சி.எம்.1 என்பது 2002-ல் தெரியவந்தது. தோல் தடித்துப்போகும், இமையோரத்தில் சிறு மணிகள் போன்ற புடைப்புகள் வரிசை கட்டும், குரல் சிறுவயதிலிருந்தே கரகரப்பாக இருக்கும். பெரும்பாலும் தோல் மருத்துவர்தான் முதலில் இதைப் பார்க்கிறார்.

சிலருக்கு மூளைக்குள்ளும் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அது விரும்பிப் படியும் இடம் அமிக்டலா. இரண்டு பொட்டுப் பக்கமும் உள்ளே ஆழத்தில், பாதாம் கொட்டை வடிவில் இருக்கும் நரம்பணுத் தொகுதி இது. எஸ்.எம்.முக்கு இரண்டு பக்க அமிக்டலாவும் முழுவதும் அழிந்துவிட்டன. அருகில் இருக்கும் என்டோரைனல் புறணியில் சிறு சேதம் உண்டு. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் தப்பித்திருக்கிறது. பக்கவாதமோ விபத்தோ இப்படிக் குறிபார்த்து ஓர் உறுப்பை மட்டும் அழிப்பதில்லை. அதனால்தான் அயோவா பல்கலைக்கழகத்தில் டேனியல் ட்ரானெல், ரால்ஃப் அடால்ஃப்ஸ், ஹன்னா டமாசியோ, அன்டோனியோ டமாசியோ ஆகியோர் 1990-களிலிருந்து அவரோடு இத்தனை சோதனைகளைச் செய்தார்கள். அவர் காட்டிய பொறுமையும் ஒத்துழைப்பும் இல்லையென்றால், முகமும் மூளையும் பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இருந்திருக்காது.

பயந்த முகத்தை வரைய முடியாத கை

1994-ல் வெளியான முதல் முக்கியமான ஆய்வில் அவருக்கு மகிழ்ச்சி, சோகம், கோபம், வியப்பு, அருவருப்பு, பயம் ஆகிய உணர்ச்சிகளைக் காட்டும் முகப்படங்கள் தரப்பட்டன. ஒவ்வொரு முகத்திலும் எந்த உணர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்று அளவிட வேண்டும். பயந்த முகங்களில் அவருக்குப் பயம் தெரியவில்லை. ஆனால் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பதில் குறையே இல்லை. முகத்தை அடையாளம் காண்பதும், அந்த முகம் என்ன சொல்கிறது என்று படிப்பதும் மூளையில் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கடினம். முகமறதி உள்ளவர் இதற்கு நேர் எதிர்: பெற்ற பிள்ளையின் முகம்கூட யாருடையது என்று தெரியாது, ஆனால் அந்த முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று பலரால் சொல்ல முடியும்.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் ஒரு சிறிய விஷயம் வருகிறது. எஸ்.எம்.முக்குப் படம் வரைய நன்றாக வரும். ஒவ்வொரு உணர்ச்சியையும் ஒரு முகமாக வரையச் சொன்னார்கள். சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் எல்லாம் கச்சிதமாக வந்தன. பயத்துக்கு வந்தபோது கை நின்றது. பயந்த முகம் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை என்றார். திரும்பத் திரும்ப முயன்ற பிறகு, தலைமுடி குத்திட்டு நிற்க, தவழ்ந்து போகும் ஒரு குழந்தையை வரைந்தார். பயப்படுபவர் என்ன செய்வார், அவர் உடம்புக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் அது எப்படி எழுதப்படுகிறது என்பதுதான் தெரியவில்லை.

நம்பலாமா, கூடாதா

சமூகத் தீர்ப்பு பற்றிய நேரடிச் சோதனை 1998-ல் வந்தது. அறிமுகமில்லாத 100 பேரின் முகப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். தெருவில் பார்த்தால் இவரிடம் போய்ப் பேசுவீர்களா? இவரை நம்புவீர்களா? எஸ்.எம்.மோடு சேர்த்து, இரண்டு பக்க அமிக்டலாவும் சேதமான மூன்று பேர் இதில் பங்கேற்றார்கள். மற்றவர்கள் நல்லவராகக் கருதிய முகங்களை இவர்களும் ஏறத்தாழ அப்படித்தான் பார்த்தார்கள். மற்றவர்கள் மிக மோசமாக மதிப்பிட்ட முகங்களில்தான் பெரிய வித்தியாசம். எல்லோரும் ஒதுங்கும் ஆளிடம் இவர்கள் போய்ப் பேசத் தயாராக இருந்தார்கள்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பகுதி உண்டு. இதை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படத்துக்குப் பதிலாக, ஒரு மனிதரைப் பற்றிச் சில வரிகள் எழுதிக் கொடுத்து அதே மாதிரித் தீர்ப்பு கேட்டால், அங்கே குறைபாடு இல்லை. நம்பிக்கை என்றால் என்ன, எந்த மாதிரி ஆளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் சொற்களின் வழியாக வரும்போது அவர்களுக்குப் புரிகிறது. முகத்தின் வழியாக வரும்போதுதான் அந்த அறிவு வேலைக்கு வருவதில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இதன் விலை என்ன என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இருக்கிறது. 30 வயதில் ஒரு நாள் இரவு தனியாக வீட்டுக்கு நடந்து போகிறார். சிறிய பூங்கா ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் அவரைக் கூப்பிடுகிறான். போதையில் இருக்கிற மாதிரித் தெரிந்தது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் பக்கத்தில் போனார். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, கழுத்தில் கத்தியை வைத்துக் குத்திவிடுவேன் என்றான். தூரத்தில் தேவாலயத்தில் பாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கொல்ல வேண்டுமென்றால் முதலில் என் கடவுளின் தேவதைகளைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று நிதானமாகப் பதில் சொன்னார். அவன் விட்டுவிட்டான். அவர் ஓடவில்லை, நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாளும் அதே பூங்கா வழியாகப் போனார்.

"தெரிந்தும் பக்கத்தில் போனார்" என்ற இடத்தில்தான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. ஆள் சரியில்லை என்ற தகவல் அவர் மூளைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் காலை நிறுத்தவில்லை. கத்தி முனையிலும் துப்பாக்கி முனையிலும் மிரட்டப்பட்டது, குடும்ப வன்முறையில் உயிர் போகும் நிலைக்கு வந்தது என்று அவர் சந்தித்தவை நிறைய. குற்றங்கள் மிகுந்த பகுதியில் வறுமையில் வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் அமிக்டலா மேல் போடுவது நியாயமாகாது. இன்னொரு தகவல் என்னை மிகவும் பாதித்தது. அவருடைய நோய் பற்றி எதுவும் தெரியாத உளவியலாளர்கள் அவரோடு பேசிவிட்டு, எவ்வளவு துன்பத்தையும் தாங்கி மீண்டு வரும் வீரம் மிக்க பெண் என்று எழுதினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறைபாடும் துணிச்சலும் ஒரே மாதிரி இருக்கின்றன.

முகத்தைத் தாண்டி, உடல் இடைவெளியிலும் இதே குறை தெரிகிறது. 2009-ல் கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டேனியல் கென்னடியும் அடால்ஃப்ஸும் செய்த சோதனையில், ஆய்வாளரை நோக்கி நடந்து போய் வசதியாக இருக்கும் தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். மற்றவர்கள் சராசரியாக 0.76 மீட்டரில் நின்றார்கள். எஸ்.எம். 0.34 மீட்டர் வரை போனார். மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் நின்றும் அவருக்குச் சங்கடமில்லை. அடுத்தவருக்கு இடைவெளி தேவை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் உடம்புக்குத்தான் அந்தத் தேவை இல்லை.

கண்கள் எங்கே போகின்றன

1994-லிருந்து பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, பயத்தை அறியும் மையம் அமிக்டலா, அது போனதால் பயந்த முகம் தெரியவில்லை என்பதே விளக்கமாக இருந்தது. 2005-ல் வந்த ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது.

ஒரு முகப்படத்தை மறைத்துவிட்டு, அங்கங்கே சிறு துளைகள் வழியாக மட்டும் தெரியும்படி செய்தார்கள். துளைகளின் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். ஆயிரக்கணக்கான தடவை இப்படிக் காட்டி, எந்தப் பகுதி தெரிந்தபோது பதில் சரியாக வந்தது என்று கணக்கிட்டால், ஒருவர் முகத்தின் எந்த இடத்திலிருந்து தகவல் எடுக்கிறார் என்பது தெரிந்துவிடும். பயந்த முகத்தில் மற்றவர்கள் நம்பியிருந்தது கண்களை. எஸ்.எம். கண் பகுதியிலிருந்து தகவல் எடுக்கவே இல்லை. முழு முகத்தைக் காட்டிப் பார்வையின் ஓட்டத்தைக் கருவியால் பதிவு செய்தபோதும் அதுவே: அவருடைய பார்வை தானாகக் கண்களுக்குப் போவதில்லை. சிரிப்பைப் படிக்க வாய் போதும், அதனால் அங்கே அவர் தவறவில்லை. பயம் கண்ணில் இருக்கிறது. இமை விரிந்து வெள்ளை விழி பெரிதாகத் தெரிவதுதான் அதன் முதல் அடையாளம். சாதாரண மனிதர்களின் அமிக்டலா அந்த வெள்ளை விழி மட்டும் நொடியின் ஒரு துளி நேரம் தெரிந்தாலே கிளர்ச்சி அடைகிறது என்று 2004-ல் பால் வேலன் குழு காட்டியிருந்தது.

அப்புறம் ஆய்வாளர்கள் செய்தது மிக எளிமையானது. "கண்களைப் பாருங்கள்" என்று அவரிடம் சொன்னார்கள். அவ்வளவுதான். பயந்த முகங்களை மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். இரண்டு பக்க அமிக்டலாவும் இல்லாமலே! அந்தக் கட்டளை இல்லாமல் சுதந்திரமாகப் பார்க்கச் சொன்னபோது மறுபடி பழைய நிலை. ஒரு வாக்கியத்தால் திரும்பி வந்த திறமை, அந்த வாக்கியம் நின்றதும் போய்விட்டது.

2010-ல் கென்னடியும் அடால்ஃப்ஸும் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். பார்வை விழும் இடத்தில் மட்டும் ஒரு சிறு சாளரம் திறக்கும். முகத்தின் மற்ற பகுதிகள் மறைந்திருக்கும். அந்த நிலையில் எஸ்.எம். மற்றவர்களைப் போலவே கண்களைத் தேடிப் போனார். கண்கள் முக்கியம் என்ற அறிவும், அவற்றைத் தேடிப் பார்க்கும் திறமையும் அவரிடம் உண்டு என்று இதற்குப் பொருள். முகம் முழுவதும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்கும்போது, கண், மூக்கு, வாய், தாடை எல்லாம் கவனத்துக்குப் போட்டி போடுகின்றன. அந்தப் போட்டியில் கண்ணை ஜெயிக்க வைப்பது அமிக்டலா. நிஜ மனிதர்களோடு பேசும்போது என்ன ஆகிறது என்று 2007-ல் பார்த்தார்கள். அங்கேயும் அவர் பார்வை எதிராளியின் வாயிலேயே தங்கியது. கண்ணோடு கண் சந்திப்பது மிகவும் குறைவு. பேசிக்கொண்டிருக்கும் ஆளின் கண்ணில் ஓடும் எதையும் அவர் பிடிக்க வாய்ப்பே இல்லை.

இதை அப்படியே ஏற்றுக்கொண்டு நிறுத்தவும் முடியாது. 2009-ல் நவோட்சுகு சுசியா நடத்திய சோதனையில், நிறைய முகங்களுக்கு நடுவே பயந்த முகத்தை வேகமாகக் கண்டுபிடிப்பதில் எஸ்.எம். மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆக, பயந்த முகத்தின் முதல் தடயம் வேறு பாதைகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அந்தத் தடயத்துக்கு மதிப்பு கொடுத்து, இதைக் கவனி, இதற்காக நடந்துகொள்ளும் விதத்தை மாற்று என்று மற்ற பகுதிகளை உசுப்பும் கட்டம்தான் அவரிடம் விட்டுப்போயிருக்கிறது. பூங்காவில் நடந்ததும் இதுவே.

பயம் முற்றிலும் போய்விட்டதா

2011-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜஸ்டின் ஃபைன்ஸ்டீன் குழு அவரை அரிய பிராணிகள் விற்கும் கடைக்கு அழைத்துப் போனது. பாம்பு பிடிக்காது என்று பல காலமாகச் சொல்லி வந்தவர், ஒரு பாம்பைக் கையில் வாங்கி மூன்று நிமிடத்துக்கும் மேல் தடவிக்கொண்டிருந்தார். ஆபத்தான பெரிய பாம்புகளையும் தொட வேண்டும் என்று 15 முறை கேட்டார். லூயிவில்லில் இருக்கும் வேவர்லி ஹில்ஸ் என்ற பழைய காசநோய் மருத்துவமனையில் பேய்வீடு நிகழ்ச்சி நடந்தபோது கூட்டத்துக்கு முன்னால் நடந்தார். பயமுறுத்த வந்த பேய் வேடக்காரரின் தலையைத் தொட்டுப் பார்த்தார், அந்த மனிதர்தான் மிரண்டார். இதிலிருந்துதான் "பயமற்ற பெண்" என்ற பட்டம் பரவியது.

இரண்டே ஆண்டில் அதே குழு அந்தப் பட்டத்தைத் தானே கலைத்தது. 35 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு முறை உள்ளிழுக்கச் செய்தார்கள். எஸ்.எம். முகமூடியைப் பிடித்து இழுத்து, உதவி கேட்டுக் கூச்சலிட்டார். மூச்சு முட்டி இறந்துவிடுவோம் என்ற முழுமையான பீதி. அதே நோயால் அமிக்டலாக்களை இழந்த இரட்டைச் சகோதரிகளுக்கும் அப்படியே ஆனது. மூளை நலமாக இருந்த 12 பேரில் மூன்று பேருக்குத்தான் பீதி வந்தது. மறுமுறை அந்தக் காற்று வரப்போகிறது என்று தெரிந்தும், முன்கூட்டியே உடம்பு பதறும் அறிகுறிகள் எஸ்.எம்.மிடமும் அந்த இரட்டையரிடமும் காணப்படவில்லை. உடலுக்குள்ளிருந்து எழும் ஆபத்துக்கு அமிக்டலா தேவையில்லை. வெளியே தெரியும் ஆபத்தை, அது நிகழும் முன்பே உணர்வதற்குத்தான் அது வேண்டியிருக்கிறது. ஒருவர் முகத்தைப் பார்த்துத் தயங்குவதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

மற்ற நோயாளிகள்

ஒரே ஒருவரை வைத்துப் பொது விதி எழுதக் கூடாது. 1996-ல் ஸ்டீஃபன் ஹாமன் குழு, இரண்டு பக்க அமிக்டலாவும் சேதமான இருவர் முக உணர்ச்சிகளைச் சரியாகவே அறிவதைக் காட்டியது. மேலே சொன்ன இரட்டையர் ஒரே கருவில் பிறந்தவர்கள், ஒரே சேதம். ஆனாலும் ஒருவர் பயந்த முகத்தை அறிகிறார், மற்றவர் தடுமாறுகிறார். சேதம் எந்த வயதில் முற்றியது, மூளை வேறு எந்த வழியைப் பழகிக்கொண்டது என்பதற்கெல்லாம் இதில் பங்கு இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்து பகுதியிலிருந்து வந்த தகவல். உர்பாக்–வீத்தே நோய் அங்கே ஒப்பீட்டளவில் அதிகம். அங்குள்ள சிலருக்கு அமிக்டலாவின் அடிப்பக்க வெளிப்பகுதி மட்டும் கெட்டிருக்கிறது, மற்றது வேலை செய்கிறது. 2012-ல் வெளியான ஆய்வில் இவர்கள் பயந்த முகங்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே எச்சரிக்கை காட்டினார்கள், எஸ்.எம்.முக்கு நேர் எதிராக. 2013-ல் ஜாக் வான் ஹோங்க் குழு நம்பிக்கையைச் சோதிக்கும் பண விளையாட்டு ஒன்றை இவர்களிடம் நடத்தியபோது, முகம் தெரியாதவர்களிடம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பணத்தைக் கொடுத்தார்கள். கூடுதலாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. அவர்களுடைய எதிர்பார்ப்பு மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. முகத்தில் பயத்தைப் பிடிப்பதும், நம்புவதற்கு முன் கணக்குப் பார்த்துத் தன்னைக் காத்துக்கொள்வதும் ஒரே அமிக்டலாவுக்குள் வெவ்வேறு பகுதிகளின் வேலை. அமிக்டலாவை ஒற்றை உறுப்பாகப் பேசும் எந்த விளக்கமும் இங்கே உடைந்துபோகிறது.

அலாரம் சொல்வது உண்மையா

எஸ்.எம்.மிடம் இல்லாத அந்த எச்சரிக்கை, இருப்பவர்களிடம் எவ்வளவு நம்பகமானது? இதைக் கேட்காமல் அவருடைய தீர்ப்புகளைத் "தவறு" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அது வேகமானது என்பதில் சந்தேகமில்லை. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே நம்பகத்தன்மை பற்றிய தீர்ப்பு உருவாகிவிடுகிறது என்று 2006-ல் ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் காட்டினார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் தீர்ப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் மேல் உள்ள உறுதிதான் கூடுகிறது. அது கேட்காமலே வருவது என்பதும் தெரியும்: 2002-ல் லண்டனில் ஜோயல் வின்ஸ்டன் குழு, படத்தில் இருப்பவரின் வயதைப் பற்றி மட்டும் முடிவு செய்யச் சொன்னபோதும், நம்பத்தகாதவராகத் தோன்றும் முகங்களுக்கு அமிக்டலா கூடுதலாக வேலை செய்வதைப் பதிவு செய்தது.

ஆனால் எல்லோரும் ஒத்துப்போவதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல. டோடரோவ் குழுவின் 2008 ஆய்வின்படி, சாதாரணமாக இருக்கும் ஒரு முகம் கொஞ்சம் கோபம் போலத் தெரிந்தால் நம்பத்தகாதது என்றும், கொஞ்சம் சிரிப்பு போலத் தெரிந்தால் நம்பலாம் என்றும் மூளை எடுத்துக்கொள்கிறது. புருவ எலும்பின் வடிவமும் உதட்டோரத்தின் வளைவும் குணமாக வாசிக்கப்படுகின்றன. புளோரிடாவில் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனையும் மரண தண்டனையும் பெற்றவர்களின் படங்களை, யார் எவர் என்று சொல்லாமல் மதிப்பிடச் செய்தார்கள் ஜான் பால் வில்சனும் நிக்கலஸ் ரூலும். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், மரண தண்டனை பெற்றவர்களின் முகங்கள் நம்பகத்தன்மையில் குறைவான மதிப்பெண் பெற்றன. பின்னால் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்களிடமும் அதே போக்கு இருந்தது. குற்றமே செய்யாதவர்கள் முகத்துக்காகக் கூடுதல் தண்டனை அனுபவித்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

1998 சோதனையில் எஸ்.எம்.முக்கு எதிரே வைத்த அளவுகோல், மற்றவர்களின் சராசரித் தீர்ப்பு மட்டுமே. படத்தில் இருந்தவர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்பதல்ல. அந்தப் படங்களில் பல நல்ல மனிதர்களை மற்றவர்கள் தவறாக ஒதுக்கியிருக்கலாம். அவருக்கு நிகழ்ந்த இழப்பு, மனிதர்களைச் சரியாகப் படிக்கும் திறமையின் இழப்பு என்பதைவிட, சந்தேகம் வரும்போது நின்று பார்க்கும் தயக்கத்தின் இழப்பு என்பதே பொருத்தம். அந்தத் தயக்கம் பலமுறை அநியாயமாகவும் சிலமுறை உயிர்காக்கவும் செய்கிறது. இருட்டில் கூப்பிடும் ஆளின் முன் அந்தச் சிலமுறை போதும்.

மதிப்பீடு

எஸ்.எம். போன்ற ஒருவர் ஆலோசனைக்கு வந்தால் பயம் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. தனக்குப் பயம் குறைவு என்பதே அவருக்குப் பெரிதாகத் தெரியாது. யார் கூப்பிட்டாலும் போகிறாரா, ஒரு முறை ஆபத்து நடந்த இடத்துக்குத் திரும்பப் போகிறாரா, பேசும்போது பார்வை எங்கே நிற்கிறது என்று வீட்டாரிடமும் நேரில் கவனித்தும் அறிய வேண்டும். கண்களைப் பார்க்கும்படி பழக்குவது கேட்க நன்றாக இருந்தாலும், சொல்வதை நிறுத்தியதும் விளைவு போய்விட்டதை 2005 ஆய்வு காட்டியது. அதை மட்டும் நம்பி அவரைத் தெருவில் விட முடியாது.

எஞ்சியிருக்கும் பாதை சொற்கள்தான். எழுதிக் கொடுத்த விவரத்தை வைத்து அவர் எல்லோரையும் போலவே எடைபோட்டார். ஆகவே ஒருவரை நம்புவதற்கு முன் முகத்தை விட்டுவிட்டு, இவர் யார், முன்பு என்ன செய்தார், இவரைத் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிக்கவும், பதில் தெரியாத ஆளிடம் இரவில் தனியாகப் போவதில்லை என்ற விதியை வாயால் சொல்லிப் பழகவும் அவருக்கு உதவ வேண்டும். தினமும் பக்கத்தில் இருந்து அதை நினைவூட்ட ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆளை ஏற்பாடு செய்வதையும் சிகிச்சைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.